இறக்கத்தில்தான் வேனின் குணம் தெரியும்

சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால் ஹட்டன் வேன்காரர்களுக்கு நித்திரை இல்லை. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணிக்கு ஹயர். இடையில் ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம். என் கேடிஎச் வேனுக்கு லீசிங் கட்டுவது இந்த மாதங்களின் உழைப்பில்தான்.

எங்கள் வேன்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. என் வேனை வாங்குமுன் வேறொரு வேனுக்கு விலை பேசப் போனேன். வெளியே பளபளப்பு, மீட்டரிலும் குறைந்த கிலோமீட்டர். கராஜில் தூக்கி, பாஸ் ஸ்குரூ டிரைவரால் அடித்தட்டைச் சுரண்டினார். புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே துரு. “தம்பி, இது பனிநாட்டு வண்டி” என்றார். வட ஜப்பானில் பனி உருக வீதிக்கு உப்புப் போடுவார்கள், அதுதான் அரிப்பது. மீட்டரைக் குறைத்திருக்கலாம் என்பதால் ஜப்பான் ஏலத் தாளையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை இருந்ததையே கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கிய சாமான் போட்டுத் திருத்தித் திருத்தி ஓடினோம்.

துரு மெல்லக் கொல்லும். பிரேக் அப்படியல்ல. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். சீட் நிறைய ஆள், கூரையில் பொதி. அதோடு ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சில்லு கொதிக்கும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 ஒயில் புதிதில் 205 பாகைக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. பெடல் தரைவரை போகும், வேன் நிற்காது.

அதனால் சீசனுக்கு முன் வருடந்தோறும் ஒயில் மாற்றுகிறேன். இறக்கத்தில் இரண்டாம் கியர். ரம்பொடை நீர்வீழ்ச்சியருகே ஆட்கள் படம் எடுக்கும்போது நான் சில்லுப் பக்கம் குனிந்து மோந்து பார்ப்பேன். லைனிங் கருகிய வாடை வந்தால் ஆறும்வரை நகரமாட்டேன். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. சுட்ட இரும்பு வெடித்துவிடும்.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி இறக்கத்தில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை பஸ் ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். வேனில் வந்தது எங்கள் ஹட்டன் பக்கத்துக் குடும்பம். அந்த இறக்கத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

வருட லைசன்சுக்குப் புகைப் பரிசோதனை செய்கிறோம். அந்த மிஷின் பிரேக்கைப் பார்க்காது. ஆகவே ஹயர் பேசும்போது விலையோடு, பிரேக் ஒயில் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். டிரைவர் நடுவழியில் நிறுத்தினால் அவசரப்படுத்தாதீர்கள்.