நாளை அனுப்பலாம் என்ற பெட்டி

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொருளியலர் ஜார்ஜ் அக்கர்லாஃப் ஓராண்டு இந்தியாவில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க வந்த நண்பர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஊர் திரும்பும்போது விமானத்தில் எடை மிகுந்துபோகும் என்று துணிமணிகள் கொண்ட ஒரு பெட்டியை விட்டுச் சென்றார். தபாலில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் காலத்தில் இங்கே ஒரு பார்சலை அனுப்பக் கிளம்பினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். சரி, நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தார். மறுநாள் காலையிலும் அதையேதான் நினைத்தார். இப்படியே எட்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. கடைசியில், அமெரிக்கா திரும்பிய வேறொரு நண்பரின் சாமான்களோடு அந்தப் பெட்டியையும் ஏற்றிவிட்டுத் தப்பித்தார்.

1991-இல் வெளியான தம் உரையில் அக்கர்லாஃபே இதை எழுதியிருக்கிறார். பெட்டியை அனுப்பாதவரும் பெட்டிக்குச் சொந்தக்காரரும் 2001-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். வேலையைத் தள்ளிப்போடுகிறவன் சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு பெட்டி போதும்.

அவர் இதிலிருந்து எடுத்த பாடம் நுட்பமானது. எந்த ஒரு நாளை எடுத்துப் பார்த்தாலும் அவர் செய்தது தவறாகத் தெரியாது. இன்றைய அலைச்சல் கண் முன்னே பெரிதாக நிற்கிறது; ஒரு நாள் தாமதத்தால் வரும் நஷ்டமோ அற்பம். ஆகவே இன்று வேண்டாம் என்பது நியாயமான முடிவுதான். நியாயமான முடிவுகளே வரிசையாகச் சேர்ந்து எட்டு மாதத்தை விழுங்கிவிட்டன. நாளைக்கும் மனம் இதே கணக்கைத்தான் போடும் என்பதை அவர் முன்கூட்டி யோசிக்கவில்லை.

இந்தக் கணக்கு படித்த மனிதனுக்கு மட்டும் உரியதில்லை. 1996-இல் உளவியலர் ஜேம்ஸ் மேசர் புறாக்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். கூண்டில் விளக்கெரியும் வட்டுகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தால், சுற்றின் தொடக்கத்திலேயே சில முறை கொத்தி வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கலாம். மற்றதைத் தேர்ந்தால் முதலில் சும்மா இருக்கலாம். ஆனால் பிறகு கூடுதலாகக் கொத்தியாக வேண்டும். கொத்தி முடித்ததும் தீனி விழாது, சுற்றின் கடைசியில்தான் விழும். அதனால் சீக்கிரம் முடித்து வைப்பதே புத்திசாலித்தனம். புறாக்களோ பின்னால் வரும் பெரிய வேலையைத்தான் விரும்பின. சில சமயங்களில் அது நான்கு மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தபோதும்கூட. பரீட்சைக்கு முந்தைய இரவு ரெக்கார்டு நோட்டை முடிக்க உட்காரும் கல்லூரிப் பையனுக்கும் புறாவுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை.

காரணம், மூளை காலத்தை அளக்கும் விதம். ஒரு வேலையை முப்பது நாள் கழித்துச் செய்வதா, முப்பத்தொரு நாள் கழித்தா என்று கேட்டால் நமக்கு இரண்டும் ஒன்றுதான். இன்றா, நாளையா என்று கேட்டால்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தொலைவில் இருக்கும்வரை அந்த வேலையின் பயன் நன்றாகத் தெரிகிறது. கிட்டே வர வர அதன் சிரமம்தான் பூதாகரமாகிறது. ஜனவரியில் நடைப்பயிற்சிக்குச் சபதம் எடுத்தவரும், அதிகாலை ஐந்து மணிக்கு அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தவரும் ஒரே ஆள்தான். இருவரும் தராசின் முன் நின்ற நேரம்தான் வேறு.

இதோடு இன்னொரு குறையும் நமக்கு இருக்கிறது. 1994-இல் கனடிய உளவியலர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 48 நாளுக்குச் சற்று மேல். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாம் கெட்டுப்போகும் என்று வைத்துப் போட்ட கணக்கே தோற்றுவிட்டது!

நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததுதான் பிரச்சினை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்துவந்த டிமதி பிச்சில் போன்றவர்கள் அதை ஏற்பதில்லை. அவர்கள் பார்வையில் நாம் தள்ளிப்போடுவது வேலையை அல்ல, அந்த வேலை கிளப்பும் சலிப்பையும் பயத்தையும்தான். எழுத உட்கார்ந்ததும் மேசையைத் துடைக்கத் தோன்றுவதும், திடீரென்று அலமாரியை அடுக்கத் தோன்றுவதும் அதனால்தான். துடைத்த மாத்திரத்தில் மனம் லேசாகிறது. அந்த ருசிக்குப் பழகிவிட்டால் அடுத்த முறையும் கை துணியைத்தான் தேடும்.

அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு முன்பு குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பயத்தில் புத்தகத்தைத் தொடாமல் இருக்கும் பிள்ளைக்கு, “உருப்படவே மாட்டே” என்று இன்னும் கொஞ்சம் பயத்தை ஏற்றுகிறோம்.

சரி, வழி என்ன? ஜெர்மன் உளவியலர் பீட்டர் கோல்விட்சர் சொல்வது எளிமையானது: செய்வேன் என்பதோடு நிறுத்தாமல் எப்போது, எங்கே என்பதையும் முடிவு செய்துவிடுவது. அமெரிக்க நிறுவனமொன்றில் ஊழியர்களுக்குக் காய்ச்சல் தடுப்பூசி பற்றிய கடிதம் போனது. சிலருக்குப் போன கடிதத்தில் மட்டும், போட்டுக்கொள்ளப்போகும் தேதியையும் நேரத்தையும் தாங்களே எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். சாதாரணக் கடிதம் பெற்றவர்களில் 33 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். இடம் விட்ட கடிதம் பெற்றவர்களில் 37 சதவீதம். ஒரு கட்டத்தை அச்சடித்த செலவுக்கு இது நல்ல லாபம்தான். ஆனால், வாழ்க்கையே மாறிவிடும் என்கிற சுயமுன்னேற்றப் பேச்சுக்கு இதில் இடமில்லை. அந்தக் கடிதம் பெற்றும் போகாதவர்கள்தான் அதிகம்.

நாளைய நம்மை நம்பாமல் இன்றே கையைக் கட்டிப்போடுவது இன்னும் வலுவான வழி. 1974-இல் ஜார்ஜ் ஐன்ஸ்லி புறாக்களை வைத்து நடத்திய சோதனையில், கொஞ்சம் தீனியை உடனே தின்றுவிடும் சபலம் வருமுன்பே ஒரு வட்டைக் கொத்தினால் அந்தச் சபலமே எதிரில் வராது என்று ஏற்பாடு. சில புறாக்கள் அதைக் கொத்தக் கற்றுக்கொண்டன. நம் ஊரில் சீட்டுப் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உண்டியலில் போடும் பணத்தை எடுத்துவிடுவோம் என்று தெரிந்துதானே, கேள்வி கேட்க நாலு பேர் இருக்கும் இடத்தில் கட்டுகிறோம்?

சென்னையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பொருளியலர் ஃபிராங்க் ஷில்பாக் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. அவர்கள் தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, குடிக்காமல் வந்தால் 120 ரூபாய், குடித்திருந்தால் 60. பிறகு, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 120 ரூபாய் தருகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் அதை வேண்டாம் என்றார்கள். குடித்தால் பணம் வெட்டப்படும் திட்டமே போதும் என்றார்கள். தங்களைத் தாங்களே நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள்.

குடித்தால் பணம் வெட்டப்படும் திட்டத்தில் இருந்தவர்களுடைய சேமிப்பு கணிசமாக உயர்ந்தது. ஆனால் மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை. பகலில் குடிப்பதை மாலைக்குத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.