நெய்வேலியில் ஏன் அருவி இல்லை?

செமஸ்டர் தேர்வு முடிந்து ஒரு புதன்கிழமை கையில் கிடைத்தால், நெய்வேலி டவுன்ஷிப் மாணவர்கள் அருவிக்கு மேற்கேதான் போக வேண்டும். விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் தாண்டினால் கல்வராயன் மலை. வெள்ளிமலைப் பக்கம் பெரியார் அருவி சாலையோரமே விழுகிறது. மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். வார நாளில் கூட்டம் குறைவு என்பதால் நீருக்குப் பின்னால் இருக்கும் பாறையை நின்று பார்க்கலாம்.

பூமியின் அடியாழத்தில் கடும் வெப்பத்தில் இறுகிய சார்னோக்கைட் பாறையும் அதன் உறவான பாறைகளும்தான் இம்மலை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். ஓடைநீரால் இதைக் கரைக்க முடியாது; வெடிப்புகளுக்குள் புகுந்து, கட்டி கட்டியாகத்தான் பெயர்க்க முடியும். அதனால்தான் செங்குத்துச் சரிவு சரியாமல் நிற்கிறது. நெய்வேலியின் தரையோ கடலூர் மணற்கல்; மணலும் களியும் லேசாக இறுகியது. இங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டை ஒரு கனமழைக்குப் பிறகு பாருங்கள். மேட்டின் உடல் முழுக்க நீர் கீறிய வாய்க்கால்கள் இருக்கும். இந்த மண்ணில் அருவி நிலைக்காது.

ஆனால் அருவியை விழவைக்கும் அதே உயர வேறுபாடு நெய்வேலியிலும் வேலை செய்கிறது, மண்ணுக்கு அடியில். மேற்கிலும் வடக்கிலும் உள்ள மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மணற்கல்லுக்குள் இறங்கி, சரிவாகக் கிழக்கே நகர்கிறது. மேலே களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் மூடிபோல அமர்ந்திருப்பதால் அதற்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறுகிறது. நிலக்கரிப் படுகையின் அடியில் அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று கணித்தார்கள். 10 மீட்டர் உயர நீர் தருவது 1 கிலோ அழுத்தம். அப்படியென்றால் துளை போட்டால் இந்த நீர் படுகையின் அடியிலிருந்து 60 முதல் 80 மீட்டர் வரை மேலெழும்பும்! ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் மோட்டார் இல்லாமலே ஆழ்குழாயில் தண்ணீர் பொங்கியது இதனால்தான்.

1930களில் தம் நிலத்துக் கிணற்றில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் கண்ட கரிய துகள்களிலிருந்து தொடங்கிய கதை, 1957இல் சுரங்க வேலையாகி, 1961இல் நிலக்கரியைத் தொட்டது. இடையில் பொறியாளர்களை மிரட்டியது இந்த நீர்தான். இறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து மேலே வரும். எனவே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இட்டு, இரவுபகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தபடியே நிலக்கரி வெட்டுகிறார்கள். அந்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் ஏரிகளுக்கும் போகிறது. சென்னையின் தாகத்துக்கும் போயிருக்கிறது.

கல்வராயனில் உங்கள் தலையில் விழுவது அண்மையில் பெய்த மழை. கதிரியக்கக் கார்பனைக் கொண்டு கணித்ததில், நெய்வேலி ஆழ்நீரின் ஒரு பகுதி பல்லாயிரம் ஆண்டுப் பழையது என்று தெரிந்திருக்கிறது. அவ்வளவு மெதுவாகச் சேர்ந்ததை இவ்வளவு வேகமாக எடுக்கிறோம். கிணற்று மட்டம் இறங்குகிறது என்று சுற்றுக் கிராமத்து விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதற்கு இதைவிடத் தெளிவான பின்னணி வேண்டியதில்லை. இறைத்ததில் எவ்வளவு அவர்கள் வயலுக்குப் போகிறது என்பது எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அருவியடியில் வெயில் அடிக்கும்போதே மேலே உச்சியில் மழை கொட்டலாம். நீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, அந்த நொடியே கரையேறுங்கள். வார நாளில் உதவிக்கு ஆள் குறைவு, தனியாகப் போகாதீர்கள்.