கணக்கும் வழக்கும் – 17: மிம்பரில் பிறந்த ஒன்பதில் ஒன்று

போன வாரம் பின்னங்களைப் பெருக்கினோம்: மேலை மேலால், கீழைக் கீழால். மறந்தவர்கள் பழைய இதழை எடுத்துப் பாருங்கள். இந்த வாரம் கலப்பு எண்களைக் கழித்தல், அதாவது 5⅓ இலிருந்து 2¾ ஐ எடுப்பது எப்படி என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கை மறக்கவில்லை. இடையில் ஒரு 27 வந்து குறுக்கே படுத்துவிட்டது.

திங்கட்கிழமை அஸருக்குப் பிறகு சாய்ந்தமருதில் ஒரு மௌலவியைப் பார்க்கப் போனேன். பிள்ளைகளுக்கு ஃபராயிழ், அதாவது வாரிசுப் பாகக் கணக்கு, ஓதிக்கொடுப்பவர். "பின்னத்தைப் பற்றிப் பதினாறு வாரமா எழுதிறீங்க காக்கா, ஃபராயிழ் பக்கம் தலை வச்சும் படுக்கல்லியே" என்று ஃபோனில் குறைப்பட்டிருந்தார்.

விறாந்தையில் இருந்தோம். பிளேன்டி வந்தது. அவர் சுவர்க் கலண்டரில் முடிந்துபோன மாதத்தின் தாளைக் கிழித்தார், பின்பக்கம் திருப்பினார், நடுவில் பெரிதாக 24 என்று எழுதினார். கணக்கு என்னவென்று இன்னும் சொல்லவேயில்லை. கேள்விக்கு முன்னால் பகுதியெண்ணை எழுதுகிற மனிதரை அன்றுதான் கண்டேன்.

பிறகு சொன்னார். ஒருவர் மௌத்தாகிறார். மனைவி, இரண்டு பெண்மக்கள், வாப்பா, உம்மா இருக்கிறார்கள். ஆண்மக்கள் இல்லை. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு 1/8. பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து 2/3. வாப்பாவுக்கு 1/6. உம்மாவுக்கு 1/6.

"கூட்டுங்க பாப்பம்."

கூட்டச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் நடுங்கும். ஏழாம் வகுப்பில் 1/2 உம் 1/3 உம் கூட்டச் சொன்னபோது, மேலே 1 உம் 1 உம் 2, கீழே 2 உம் 3 உம் 5, விடை 2/5 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நிமிர்ந்து நின்றவன் நான். ஆசிரியர் அடிக்கவில்லை. "அரைப் பாண் வச்சிருந்தாய். இன்னும் மூன்றிலொரு பங்கு தந்தேன். இப்ப உன் கையில அரையை விடக் குறைவா இருக்கு. மிச்சத்தை யார் திண்டது?" என்று மட்டும் கேட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. துண்டுகள் ஒரே அளவாக இல்லாமல் எண்ணக்கூடாது என்பது அன்று பதிந்தது. அந்த ஒரே அளவுத் துண்டுக்குத்தான் பொதுப் பகுதியெண் என்று பெயர்.

8, 3, 6 ஆகியவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 24. ஆகவே சொத்தை 24 துண்டாக்கலாம். மனைவிக்கு 3. பெண்மக்களுக்கு 16. வாப்பாவுக்கு 4. உம்மாவுக்கு 4. கூட்டினேன். திரும்பவும் கூட்டினேன். 27.

சொத்தில் 24 துண்டுதான் இருக்கிறது. கொடுக்க வேண்டியது 27.

மௌலவி பிளேன்டியைக் குடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்குக்கு மிம்பரிய்யா என்று பெயராம். கூபாவில் அலி (ரழி) மிம்பரில், அதாவது பள்ளிவாசலின் பிரசங்க மேடையில், நின்று குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது ஒருவர் இதைக் கேட்டதாகவும், அவர் அந்த இடத்திலேயே, மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்று பதில் சொல்லிவிட்டுக் குத்பாவைத் தொடர்ந்ததாகவும் சொல்லப்படுகிறது. தாளும் இல்லை, கலண்டரும் இல்லை.

வழி இதுதான். யாருடைய துண்டின் எண்ணிக்கையையும் தொடுவதில்லை. 24 ஐ அழித்துவிட்டு 27 எழுதுகிறார்கள். 3/27, 16/27, 4/27, 4/27. எல்லோருடைய துண்டும் ஒரே விகிதத்தில் சிறுக்கிறது. மனைவியின் 3/27 ஐச் சுருக்கினால் 1/9. இப்படிப் பகுதியெண்ணை உயர்த்துவதற்கு அவ்ல் என்று பெயர். உமர் (ரழி) காலத்தில், கணவனும் இரண்டு சகோதரிகளும் மட்டும் வாரிசாக நின்ற ஒரு கணக்கில் 1/2 உம் 2/3 உம் சேர்ந்து 7/6 ஆனபோது வந்த ஏற்பாடு. கையிருப்பை மிஞ்சிய கடனைக் கடன்காரர்கள் விகிதப்படி பிரித்துக்கொள்வதைப் போன்றது. இப்னு அப்பாஸ் (ரழி) இதை ஏற்கவில்லை. சட்டவழிகளான நான்கு மத்ஹபுகளும் ஏற்றன.

இனி, என்னை இரண்டு இரவு தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். பாகக் கணக்கில் வரும் அடிப்படைப் பகுதியெண்கள் ஏழு: 2, 3, 4, 6, 8, 12, 24. இவற்றில் 6, 12, 24 மட்டுமே நிரம்பி வழியும். 6 வழிந்தால் 7, 8, 9, 10 என்று வரிசையாக ஏறும். 24 வழிந்தால் 27 மட்டும். 12 வழிந்தால் 13, 15, 17. நடுவில் 14 உம் 16 உம் எங்கே போயின?

செவ்வாய் இரவு மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தபோது பிடிபட்டது. 12 என்ற பகுதியெண் வர வேண்டுமானால் கணவனுக்கோ மனைவிக்கோ உரிய 1/4 இருந்தாக வேண்டும். அது 3/12. மற்றவர்கள் பெறக்கூடியவை 1/2, 2/3, 1/3, 1/6. அதாவது 6, 8, 4, 2. எல்லாம் இரட்டை எண்கள். ஒற்றை எண் அந்த 3 மட்டுமே. ஒற்றையோடு எத்தனை இரட்டையைக் கூட்டினாலும் ஒற்றைதான். 14 க்கும் 16 க்கும் வழியே இல்லை! 27 உம் ஒற்றையாக நிற்பது அதே 3 இன் வேலை. விடியும்வரை பொறுக்க முடியாமல் மௌலவிக்குச் செய்தி அனுப்பினேன். "சுபஹுக்கு எழும்பிப் பாத்தன். மாஷா அல்லாஹ். படுங்க" என்று பதில் வந்திருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. நம் பழைய வாய்பாட்டில் 1/8 க்கு அரைக்கால், 1/16 க்கு வீசம், 1/20 க்கு மா, 1/80 க்கு காணி, 1/320 க்கு முந்திரி என்று அழகழகான பெயர்கள் உண்டு. 1/3 க்கு? இல்லை. முந்திரிவரை இறங்கினாலும் 320 ஐ மூன்றால் வகுக்க முடியாது. சந்தைக் கணக்கு பாதி பாதியாக வெட்டிப் பழகியது. பாகக் கணக்குக்கு மூன்று வேண்டும். அதனால்தான் நம்மாட்கள் காலும் அரையும் சொல்கிற அதே வாயால் "மூணிலொண்டு", "ஆறிலொண்டு" என்று எண்ணிச் சொல்கிறார்கள். 820 ஐ ஒட்டி பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அட்சரகணித நூலில் ஏறக்குறைய பாதி மரணசாசன, வாரிசுக் கணக்குகள்தான்.

எண்களாகவே பேசினால் இதழாசிரியர் கோபிப்பார். கரைவாகுப் பக்கம் 4½ ஏக்கர் வயல் என்று வைப்போம். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், ஆக 720. எட்டிலொன்று என்றால் மனைவிக்கு 90 பேர்ச்சஸ். ஒன்பதிலொன்று என்றால் 80. கலப்பு எண்ணாகவே செய்து பாருங்கள்: 4½ என்பது 9/2, அதை 1/9 ஆல் பெருக்க, மேலே ஒரு 9, கீழே ஒரு 9, வெட்டிவிடலாம். மிச்சம் 1/2 ஏக்கர். ஒவ்வொரு மகளுக்கும் 213⅓ பேர்ச்சஸ். 1 ஏக்கர் 1 ரூட் 13⅓ பேர்ச்சஸ். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் 106⅔ வீதம். அந்த மூன்றிலொரு பேர்ச்சஸுக்கு வரம்பு கட்டுகிறவன் பாடு பெரும்பாடு.

இதெல்லாம் என்ன! காலியில் ஒரு வழக்கு, 10 தென்னை மரங்களில் 2520 இல் ஒரு பங்குக்காக நடந்தது என்று எமர்சன் டெனன்ட் 1859 இல் வந்த தன் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். மரத்துக்கு ஆண்டுக்கு 60 காய் என்று வைத்தாலும் அந்தப் பங்கு கால் தேங்காய்க்கும் குறைவு. சம்பலுக்குக்கூடக் காணாது. ஆனால் 2520 ஐக் கவனியுங்கள். 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் அது. எத்தனை தலைமுறை எத்தனை விதமாக வெட்டியதோ!

நேரமாகிறது. திங்களன்று கிளம்பும்போது மௌலவியிடம் கேட்டேன்: "வயல் சரி. வளவு, வீடு எதில சேரும்?"

சிரித்தார். "வளவு மூத்தவட கலியாணத்தோட போயிற்றே. இளையவக்கும் வீடு கட்டி எழுதியாச்சு. அது இந்தத் தாளுக்குள்ள வராது."

நம் கரையின் வழக்கம் அதுதானே. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேர்பவர். உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிக் கையளித்தது வாரிசுச் சொத்தில் சேராது. அதன்மேல் மையித்துச் செலவு கழியும், பிறகு கடன், பிறகு மூன்றிலொன்றுக்கு மேற்படாத வசிய்யத், அதாவது மரணசாசனம். எஞ்சியதுதான் 1. உயில் இல்லாமல் மௌத்தாகிற முஸ்லிமின் சொத்தை அவர் சார்ந்த மத்ஹபின்படி பிரிக்கச் சொல்லும் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அந்த எஞ்சியதைத்தான் கையில் எடுக்கிறது. பாடப்புத்தகப் பின்னக் கணக்குகளில் "எஞ்சியதில்" என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துப் புள்ளியிழக்கும் பிள்ளைகளே, கேளுங்கள். எட்டிலொன்று என்று யாராவது சொன்னால், எதில் எட்டிலொன்று என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் கூட்டிக் கழித்தால் 2/5 தான் வரும்.

கலண்டர் தாள் இப்போது என் மேசையில் கிடக்கிறது. 24 இன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 27. ஆசிரியர் இரண்டு தரம் அழைத்துவிட்டார். 5⅓ இலிருந்து 2¾ ஐக் கழிப்பது அடுத்த வாரம், கட்டாயம். அதுவரை மௌலவியைப் போல ஒரு தாளைக் கிழித்து, நடுவில் பெரிதாக 12 என்று மட்டும் எழுதி வையுங்கள்.