கோலியாத்தும் அவர் வீட்டு விருந்தாளியும்

சாக்லேட் தொழிலால் பெயர் பெற்ற ஹெர்ஷி என்னும் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூரில், 1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி இரவு, வில்ட் சேம்பர்லின் என்ற 7 அடி 1 அங்குல உயரமுள்ள கூடைப்பந்தாட்டக்காரர் நியூயார்க் நிக்ஸ் குழுவுக்கு எதிராகத் தாம் ஒருவராகவே 100 புள்ளிகள் எடுத்தார். அதைக் கண்ணாரக் கண்டவர்கள் 4,124 பேர்தாம். தொலைக்காட்சிப் பதிவு ஏதும் கிடையாது. துண்டுக் காகிதம் ஒன்றில் '100' என்று எழுதிக் கையில் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படமே உலகுக்குப் பெரிதும் தெரிந்த சாட்சி. அந்தப் பருவம் முழுவதிலும் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் குவித்தவருக்கே அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் சென்றிருக்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. சென்றது, சராசரியில் இருபதைக்கூட எட்டாத பில் ரஸ்ஸலுக்கு.

பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் ரஸ்ஸல், பந்தைக் கூடையில் போடுவதைவிட, எதிரி போடவொட்டாமல் தடுப்பதையே ஒரு சாஸ்திரமாகப் பயின்றவர். தடுத்த பந்தை ஆரவாரத்துக்காக வெளியே அறைந்து தள்ளாமல், தம் தோழன் கைக்குப் போய்ச் சேரும்படி மெல்லத் தட்டிவிடும் அந்தச் சாதுரியத்தின் பயனாக, 1957 முதல் 1969 வரை 13 பருவங்களில் 11 முறை அவர் குழு வாகை சூடிற்று. இருவரும் சுமார் 140 முறை நேருக்கு நேர் மோதினர். ஜனங்களும் பத்திரிகைகளும் வெகு விரைவிலேயே தீர்ப்பு எழுதிவிட்டனர்: ரஸ்ஸல் குழுவுக்காக ஆடுபவர், சேம்பர்லின் தமக்காக ஆடுபவர்.

இந்த அபவாதத்தைத் துடைக்க சேம்பர்லின் செய்த பிரயத்தனம் விசித்திரமானது. 1967-இல் பாஸ்டனை வீழ்த்தித் தம் குழுவுக்கு வெற்றிக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். மறு பருவம், பந்தைப் பிறருக்கு அளித்துப் புள்ளி பெறச் செய்வதில் எல்லோரையும் விஞ்சினார். 'தமக்காக ஆடுபவர்' என்ற பட்டம் மட்டும் மாறவில்லை. தம் வாழ்நாள் ஆட்டங்களில் ஒன்றிலேனும் ஃபவுல் மிகுந்து அவர் வெளியேற்றப்பட்டதில்லை என்ற சாத்விகத்தைக்கூட, சாதனைப் பட்டியலின் மேலுள்ள ஆசை என்றே சிலர் வியாக்கியானம் செய்தனர். பைபிளில் வரும் ராட்சதன் கோலியாத்துக்காக எவரும் கைதட்டுவதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். கும்பகருணனுக்காக நம்மைக் கண் கலங்கவைக்க ஒரு கம்பர் வேண்டியிருந்தார். சேம்பர்லினுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

ஆனால், உத்தமர் என்று ஏடுகள் கொண்டாடிய ரஸ்ஸலின் நிலையும் பொறாமைப்படத் தக்கதன்று. கறுப்பினத்தவரான அவருடைய வீட்டில் விஷமிகள் புகுந்து நாசம் விளைத்தனர். அவரும் ரசிகர்களுக்குக் கையெழுத்திட மறுத்து, புகழையும் எட்டத்திலேயே நிறுத்தினார். 1972-இல் அவரது சட்டை எண்ணைக் கௌரவித்த வைபவத்தை, ஜனக்கூட்டம் வருமுன், வெறிச்சோடிய அரங்கில் தோழர்கள் சிலர் முன்னிலையில்தான் நடத்த அனுமதித்தார்.

ஜனங்கள் பரம வைரிகளாகக் கற்பனை செய்த இவ்விருவரும், பிலடெல்பியாவில் சேம்பர்லினின் தாயார் இல்லத்தில், நன்றி கூறும் திருநாளன்று ஒரே மேஜையில் அமர்ந்து விருந்துண்டவர்கள். போட்டி இல்லாமலும் இல்லை. 1965-இல் சேம்பர்லினுக்கு 1,00,000 டாலர் சம்பளம் என்று அறிந்த ரஸ்ஸல், தமக்கு 1,00,001 வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். அந்த ஒரு டாலர் குறும்பா, கௌரவமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

சிநேகம் முறிந்தது 1969-இல். லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், சேம்பர்லின் அப்போது ஆடிய லேக்கர்ஸ் குழு வெல்வது நிச்சயமென்று கூரையில் பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். முழங்கால் அடிபட்டு வெளியே வந்த சேம்பர்லின் மீண்டும் இறங்க விரும்பியும் பயிற்சியாளர் அனுமதிக்கவில்லை. பாஸ்டன் 108-106 என வென்றது. பலூன்கள் கூரையிலேயே தங்கின. பிறகு ரஸ்ஸல், அத்தகைய ஆட்டத்தை விட்டு ஒருவன் விலகலாமா என்று பகிரங்கமாகக் கடிந்துரைத்தார். ஊரார் சொல்லிவந்த அதே பழியை நண்பர் வாயால் கேட்டதுதான் சுட்டிருக்க வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருவருக்கும் பேச்சில்லை.

முதுமை நெருங்க, ரஸ்ஸல் மன்னிப்புக் கோரினார். பழைய உறவு திரும்பிற்று. 1999 அக்டோபரில் சேம்பர்லின் மறைந்தபோது, அவரை வழியனுப்பக் கூடியவர்கள் முன் எழுந்து நின்று பேசியவர்களுள், அன்று அவர் தாயார் பரிமாற உண்ட அந்த விருந்தாளியும் ஒருவர்.