விட்ட இடத்தில் நிற்குமா பாம்பு?

பங்குனி, சித்திரையில் பண்ருட்டி முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்குகிறவர்கள் சருகைக் குச்சியால் கிளறிவிட்டுத்தான் கை வைப்பார்கள். அடியில் கண்ணாடி விரியன் படுத்திருக்கலாம். வீட்டுப் பக்கம் வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்குப் போன் போகும். பிடித்த பாம்பைக் காப்புக்காட்டில் விட்டார்கள் என்பதோடு மறுநாள் செய்தி முடிந்துவிடும். சிதம்பரம் பக்கம் ஊருக்குள் வரும் முதலைகளும் இப்படித்தான் வக்காரமாரி ஏரிக்குப் போகின்றன.

அதற்குப் பிறகு அந்தப் பாம்புக்கு என்ன ஆகிறது? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிலுகிலுப்பை விரியன்களின் உடலில் ரேடியோ கருவி பொருத்திப் பார்த்தார்கள். வேறு காட்டுக்கு மாற்றப்பட்டவை நிலைகொள்ளாமல் வெகுதூரம் அலைந்தன. பாதிக்கும் மேல் செத்துப்போயின. சொந்த இடத்திலேயே இருந்தவற்றில் இறந்தவை மிகக் குறைவு. எலி வளை எது, வெயில் காய எந்தப் பாறை, பருந்துக்குத் தப்ப எந்தப் புதர் என்பதெல்லாம் பாம்புக்குப் பழகிய விஷயங்கள். புது இடத்தில் அது அகதி.

காட்டையே பார்க்காத, கூண்டில் பிறந்த பாம்பை விட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவின் வடமேற்கே அப்பலாச்சிகோலா பகுதியில் இண்டிகோ பாம்பு கடைசியாகக் கண்ணில் பட்டது 1982இல். கருநீலமாக மின்னும், விஷமில்லாத, எட்டடிக்கும் மேல் வளரும் பாம்பு. விஷப் பாம்புகளையே பிடித்துத் தின்னும். கூண்டில் பொரித்த குட்டிகளை இரண்டு வருடம் போல வளர்த்து, 2017 முதல் ஆண்டுதோறும் அங்கே விட்டார்கள். 2023இல்தான் காட்டிலேயே பிறந்த குட்டிகள் இரண்டு அகப்பட்டன.

ஆறு வருடத்துக்கு இரண்டு குட்டிதானா என்று தோன்றும். உண்மையான வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இண்டிகோ பாம்பு குளிர்காலத்தில் ஒதுங்குவது ஒருவகை ஆமை தோண்டும் வளைக்குள். அந்த ஆமைக்குப் புல் வேண்டும். புல் முளைக்க நெடிய ஊசியிலைப் பைன் காடு வெளிச்சத்தோடு இருக்க வேண்டும். அதற்கு அவ்வப்போது தீ வைத்துப் புதரை அடக்க வேண்டும். காட்டை இப்படிச் செப்பனிட்ட பிறகே பாம்பு வந்தது. கரீபியனின் ஆன்டிகுவாவிலும் இதே கதைதான். அந்த நாட்டுக்கே உரிய ஒருவகைப் பாம்பு 1995இல் ஒரே ஒரு சிறு தீவில் 50 போல மிஞ்சியிருந்தது. முதலில் எலிகளை ஒழித்தார்கள். பிறகு பக்கத்துத் தீவுகளிலும் பாம்புகளைக் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

அதே ஃப்ளோரிடாவில் எதிர்மறை உதாரணமும் உண்டு. செல்லப்பிராணியாக வாங்கி, வளர்க்க முடியாமல் விடப்பட்டும் தப்பியும் போன பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, முயல் முதல் மான்வரை விழுங்கித் தீர்த்தன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017இல் அழைத்துப் போனது நம் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாம்பைக் கொல்லாமல் பிடித்து விடும் விஷயத்தில் நாம் பாடம் கேட்க வேண்டியதும் இருளர்களிடம்தான். தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்களின் பிழைப்பு 1972 வனவிலங்குச் சட்டத்தோடு நின்றது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. சங்கத்தின் வடநெம்மேலி நிலையத்தில் பாம்பை மூன்று நான்கு வாரம் பானையில் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். விஷமுறிவு மருந்துக்கு நாடு பல ஆண்டுகள் பெரிதும் நம்பியிருந்தது இந்த விஷத்தைத்தான்.

கடலூர் மாவட்டத்தில் நல்ல பாம்பையும் விரியனையும் கூண்டில் வளர்த்து விடவேண்டிய நிலை இல்லை. சாரையும் இன்னும் வயலில் எலி பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே தேவை, பிடித்த பாம்பைப் பிடித்த இடத்துக்கு அருகிலேயே, ஆள் நடமாட்டமில்லாத ஓடைக்கரையிலோ புதர்க்காட்டிலோ விடுவது. தூரத்துக் காடு பாம்புக்கு நல்லது என்ற எண்ணம் நம் நிம்மதிக்கானது.

தோப்பில் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடாதீர்கள். விலகி நின்று 101க்குப் போன் செய்யுங்கள். பிடிக்க வருகிறவரிடம், எங்கே விடப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.