உங்களுக்குத் தெரியுமா? கல்யாணக் கேசட்டின் கரகரப்பு

வீடியோ கேசட்டின் நாடா, பாட்டுக் கேசட்டின் வேகத்தில் பாதிகூட ஓடுவதில்லை! பாட்டுக் கேசட் விநாடிக்கு 47.6 மி.மீ. ஓடும், நம் ஊரில் புழங்கிய பால் (PAL) முறை வி.எச்.எஸ். வீடியோ கேசட் வெறும் 23.4 மி.மீ. கணியூர்ப் பக்கத்துப் பரண்களில் கிடக்கும் தொண்ணூறுகளின் கல்யாணக் கேசட்டுகளில் நாதஸ்வரம் மங்கிக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

• ராஜ உபசாரம் படத்துக்குத்தான். சுழலும் உருளையில் உள்ள தலைகள் அதை விநாடிக்கு 4.8 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எழுதுகின்றன. சாதாரண வி.எச்.எஸ்.ஸில் ஒலிக்குக் கிடைத்தது, நாடாவின் ஓரத்தில் 1 மி.மீ. கோடு. ஓரம் கசங்கினால் பேச்சும் போச்சு.

• அடியில் கேட்கும் 'ம்ம்ம்' பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. 50, 100, 150 என அதன் மடங்குகளை மட்டும் மென்பொருளில் வெட்டினால் அடங்கும்.

• 'ஸ்ஸ்' இரைச்சலுக்கு, யாரும் பேசாத ஒரு விநாடியை மாதிரி காட்டினால் மென்பொருள் கழித்துவிடும். அளவு மீறினால் தாத்தாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டுமே!

• கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே பிளேயரின் ஒலித்தலைச் சாய்வைத் திருத்திக்கொள்ளுங்கள். அதில் கிடைக்கும் தெளிவு பின்னால் கிடைக்காது.

• வெள்ளைப் பூஞ்சை படிந்த கேசட்டா? அப்படியே போட்டுவிடாதீர்கள். அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும்.