நீத்தார் நினைவு நாளும் நம் கடைச் சரக்கும்

சித்திரை முதல் நாள் நம்மில் பலருக்குப் புதுக் கணக்குப் போடும் நாள். கடையைக் கழுவி, மாவிலை கட்டி, கல்லாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதல் வியாபாரத்தை நல்ல நேரத்தில் தொடங்குகிறோம். சித்திரை பிறக்கும் அதே ஏப்ரல் 14ஆம் தேதி காலையில், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள தீயணைப்பு நிலையங்களில் வேறொரு காரியம் நடக்கிறது. பணியில் இறந்துபோன வீரர்களுக்கு மலர்வளையம் வைத்து, சீருடையோடு வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். நாடு முழுவதும் எல்லா நிலையங்களிலும் அன்று இது உண்டு. அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். நம் கடைகளுக்குத் துண்டுப் பிரசுரம் வருவதும், செயல்விளக்கம் காட்டுவதும் அந்த வாரத்தில்தான். பிரசுரத்தை வாங்கிக் கல்லாவுக்கு அடியில் செருகிவிட்டு நாம் வியாபாரத்தைப் பார்க்கிறோம்.

ஏப்ரல் 14ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அது ஒரு சரக்குக் கப்பலின் கதை. ஆகவே சரக்கு வைத்து வியாபாரம் செய்கிற நமக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம். 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12ஆம் தேதி பம்பாய் விக்டோரியா துறைக்கு வந்து சேர்ந்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. போர் விமானங்களும் தங்கக் கட்டிகளும்கூட இருந்தன. கராச்சியில் மிச்சமிருந்த இடத்தில் பருத்திப் பொதிகள் 8,700, எண்ணெய், மரம், கந்தகம், அரிசி, மீன் உரம் என்று கிடைத்ததையெல்லாம் ஏற்றினார்கள். வாடகை வண்டியில் இடம் காலியாகப் போகக் கூடாது என்று நாமும் மிளகாய் மூட்டையோடு மண்ணெண்ணெய் டின்னை ஏற்றி அனுப்பியவர்கள்தாமே. அந்த நியாயம் நமக்குப் புரியாததல்ல. ஆனால் பஞ்சும் எண்ணெயும் வெடிமருந்தும் ஒரே வயிற்றில் அடங்கின.

14ஆம் தேதி பகல் 2 மணி வாக்கில் சரக்கு அறையிலிருந்து புகை வருவதைப் பார்த்தார்கள். வெடிபொருள் ஏற்றிய கப்பல் வழக்கமாகச் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். அந்தக் கப்பலில் அன்று கொடி இல்லை. பம்பாய் தீயணைப்புப் படையினர் வந்து குழாய் வைத்து 900 டன்னுக்கும் மேல் தண்ணீர் இறைத்தார்கள். தீ எந்த மூலையில் பிடித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பலைச் சுற்றியிருந்த தண்ணீரே கொதித்தது. படைத் தலைவர் நார்மன் கூம்ப்ஸ் அங்கே நின்று வேலையை நடத்தினார். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்த பிறகும் குழாயைக் கீழே போட்டுவிட்டு யாரும் ஓடவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை, முன்னதைவிடப் பெரிதாக வெடித்தது.

தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவுதான் ஏப்ரல் 14. பொதுமக்களில் இறந்தவர்கள் பல நூறு பேர். துறைமுகத்துக் கிடங்குகளில் இருந்த உணவு தானியம் 50,000 டன்னுக்கும் மேல் அழிந்து, அரிசிக்குக் கள்ளச்சந்தை தலையெடுத்தது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. தீயை முழுதாக அடக்க மூன்று நாள் ஆயிற்று; இடிபாட்டை அள்ள 8,000 பேருக்கு ஏழு மாதம் ஆயிற்று. நாட்டின் தீயணைப்பு அதிகாரிகளுக்கென்று தேசியக் கல்லூரி ஒன்று 1956இல் ராம்பூரில் தொடங்கப்பட்டு, மறு ஆண்டு நாக்பூருக்கு மாறியது. இன்றும் அங்கேயே இருக்கிறது.

அமெரிக்காவில் அக்டோபர் மாதத்தில் தீத்தடுப்பு வாரம் கொண்டாடுகிறார்கள். அது 1871இல் சிகாகோ நகரை எரித்த பெருந்தீயை நினைவு கூர்வது. அவர்கள் தீயை நினைக்கிறார்கள், நாம் தீயில் போன மனிதரை நினைக்கிறோம். நமது வழக்கமே மேலானது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் மனிதரை நினைப்பதென்றால், அவர் எதனால் செத்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

பம்பாயும் 1944உம் தூரம் என்று நினைப்பவர்களுக்காக, நம் மாநிலத்தில் நடந்த இரண்டைச் சொல்கிறோம். இரண்டும் கடையில் பிடித்த தீ.

2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில், இரவில் பூட்டியிருந்த ஒரு பேக்கரிக் கடைக்குள்ளிருந்து புகை வந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து ஷட்டரைத் திறக்க முயன்றபோது உள்ளே இருந்த சமையல் வாயு சிலிண்டர் வெடித்தது. ஏகராஜ் என்ற வீரர் இறந்தார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பொதுமக்கள் உள்பட நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தீக்காயம் அடைந்தார்கள். மூடிய கடைக்குள் என்ன இருக்கிறது என்பது ஷட்டருக்கு வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

2020 நவம்பர் 14, தீபாவளி நாள். மதுரை விளக்குத்தூண் அருகே, பழைய கட்டடம் ஒன்றில் இயங்கிய ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்து, சிவராஜன், கிருஷ்ணமூர்த்தி என்ற இரு வீரர்கள் மாண்டார்கள். ஊரெல்லாம் பண்டிகையில் இருந்த வேளையில், யாரோ ஒரு வியாபாரியின் துணி மூட்டைகளைக் காப்பாற்றப் போனவர்கள் அவர்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்தின் கலச மகால் எரிந்தபோதும் அன்பழகன் என்ற வீரர் இறந்தார். முன்நின்று பணியாற்றிய பிரியா ரவிச்சந்திரன் என்ற பெண் அதிகாரி தீக்காயத்துடன் மருத்துவமனையில் கிடந்தார். அது அரசுக் கட்டடம். நாம் இங்கே கவனிக்க வேண்டியது முதல் இரண்டையும்தான்.

நம் பகுதிக்கு வருவோம். 2023 ஜூலை 29 காலை, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்ததை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து உணவு விடுதி தரைமட்டமானது, அடுத்தடுத்த கடைகளும் வீடுகளும் சிதைந்தன. சிலிண்டரா, பட்டாசா, எது முதலில் என்று பின்னர் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் நாம் நுழையவில்லை. நெருக்கமான கடைத்தெருவில் பட்டாசும் அடுப்பும் சுவரோடு சுவராக இருந்தன என்பது போதும். அதன்பின் சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 7 அன்று எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து தீபாவளிச் சரக்கு இறக்கும் வேளையில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றின. அன்றே 14 பேர் மாண்டனர். பின்னர் எண்ணிக்கை கூடியது. பண்டிகைக் கூலிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள்தான் பெரும்பாலோர். தர்மபுரி மாவட்டம் அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து பலர். 2024 செப்டம்பர் 28இல் உத்தனப்பள்ளி அருகே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ரசாயனப் பகுதியில் பிடித்த தீயைப் புகையாகப் பல மைல் தூரம் பார்த்தோம். தொழிலாளரை உடனே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார், எந்தக் கொட்டகையில் எந்த ரசாயனம் என்று பட்டியல் இருக்கிறது. மளிகைக் கடையில் அந்த அதிகாரியும் முதலாளிதான், பட்டியலும் அவர் தலைக்குள்தான்.

மளிகைக் கடையில் வெடிபொருள் ஏது என்று சிலர் சிரிக்கலாம். ஒரு நிமிடம் உங்கள் கிடங்கை மனக்கண்ணால் சுற்றி வாருங்கள். சூடம், தீப்பெட்டிப் பண்டல், கொசு மருந்து டப்பாக்கள், எண்ணெய் டின்கள், காலிச் சாக்கு. எரிகிற எண்ணெயின் மேல் குழாய்த் தண்ணீர் பட்டால் அது அணையாது, பொங்கிச் சிதறும். பிளீச்சிங் பவுடர் மூட்டையை எண்ணெய் டின் பக்கத்தில் வைத்து, டின் கசிந்தால், யாரும் நெருப்பு வைக்காமலே சூடேறித் தீப்பற்ற வாய்ப்புண்டு. அதே பவுடரில் கழிவறை கழுவும் ஆசிட் சேர்ந்தால் வருவது விஷ வாயு. நன்கு காயாத கொப்பரையைக் குவித்தால் உள்ளே தானாகச் சூடேறும். மிளகாய் வற்றல் மூட்டை எரிந்தால் அந்தக் காரப் புகையில், முகக்கவசம் இல்லாமல் ஒருவரும் கிடங்குக்குள் கால் வைக்க முடியாது. தாளிக்கும்போது ஒரு மிளகாய் கருகினாலே வீடு இருமுகிறதே, நூறு மூட்டை எப்படி இருக்கும்?

இன்னொன்று, நம்மில் பழைய ஆட்கள்கூட யோசிக்காதது. அரிசியும் பருப்பும் தண்ணீர் குடித்தால் எடை கூடும், உப்பும். மாடியில் அடுக்கிய மூட்டைகளின் மேல் அரை மணி நேரம் தண்ணீர் பீய்ச்சினால், எடை கூடி, பழைய மரச்சட்டமும் சுண்ணாம்புத் தளமும் தாங்காமல் போகலாம். மூட்டை உப்பிச் சுவரையும் தள்ளும். கீழே நிற்பவர் தலையில்தான் அது இறங்கும். மாடியில் என்ன அடுக்கியிருக்கிறோம் என்று வாசலிலேயே சொன்னால், உள்ளே போவதா, வெளியிலிருந்தே அடிப்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அந்த முடிவு எடுக்கக் கிடைக்கும் நேரம் சில நிமிடம்தான்.

நமது வழக்கமோ வேறு. சரக்கு விவரம் வெளியே தெரியக் கூடாது என்பது வியாபாரத்தில் ஊறிய பழக்கம். வரிக்காரருக்கும் சொல்வதில்லை, பக்கத்துக் கடைக்கும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் தீப்பிடித்த நேரத்திலும் வாயை அடைத்துவிடுகிறது. உரிமத்துக்கு மேல் இருப்பு வைத்தவர், வீட்டுச் சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுவந்தவர், வீரர் வந்து கேட்கும்போது மென்று விழுங்குகிறார். இதை மற்றவர் குற்றமாகச் சொல்லவில்லை, நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

நிலைய அலுவலர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு முன் தற்காலிகப் பட்டாசுக் கடைகளைப் பார்க்க வரும் அவர்களை நாம் வரவேற்ற முறை நமக்கே தெரியும். இரண்டு வழி இருக்கிறதா, மணல் வாளி எங்கே, இந்த ஒயர் ஏன் தொங்குகிறது என்று கேட்டால், தொழிலைக் கெடுக்க வந்தவர் என்று முணுமுணுத்தோம். தடையில்லாச் சான்றுக்கு அலைய வேண்டியிருக்கிறது என்ற குறை வியாபாரிகளிடம் உண்டு. அதைச் சங்கம் எடுத்துப் பேசும், பேச வேண்டும். ஆனால் அப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு தெருவைக் காப்பாற்றிய அதிகாரி ஓய்வு பெற்றுப் போகும்போது, அவர் பெயர்கூட நமக்கு நினைவில்லை. பிடிக்காத தீக்குப் புகைப்படம் கிடையாது, பத்திரிகையில் செய்தியும் வராது. மேடை போட்டு மந்திரிக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் பொன்னாடை போர்த்துகிற நாம், நம் ஊர் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நிலைய அலுவலரை அழைத்து, முன்வரிசை நாற்காலி போட்டு உட்கார வைத்தோமா?

வரும் ஏப்ரல் 14 காலை, கடைப் பூசையை முடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலிருந்தும் நிர்வாகிகள் நிலையத்துக்குச் சென்று, அவர்களோடு அந்த இரண்டு நிமிடம் நிற்கலாம். மாலையும் சால்வையும் தேவையில்லை. ஓய்வு பெற்ற பழைய அலுவலர்கள் ஊரில் இருந்தால், ஒரு நாள் அவர்களை நம் கடைத்தெருவில் நடக்க வைத்து, எந்தச் சந்தில் வண்டி நுழையாது, எந்தக் கிடங்கைக் கண்டு அவர்கள் பயந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். மேடையில் நாம் புகழ்வதைவிட, அவர்களுக்குத் தெரிந்ததை நாம் உட்கார்ந்து கேட்பது அவர்களுக்குப் பெரிய மரியாதையாக இருக்கும் என்பது நம் கருத்து.

அதோடு இன்னொன்று. ஒரு தபால் அட்டை அளவு தகட்டில் நான்கு வரி எழுதி, ஷட்டருக்கு வெளியே, கண் மட்டத்தில் பொருத்துங்கள். உள்ளே சிலிண்டர் எத்தனை, எந்தப் பக்கம். எண்ணெய், சூடம், பிளீச்சிங் பவுடர், பட்டாசு இருந்தால் எந்த அறையில். மெயின் சுவிட்ச் எங்கே. சாவி யாரிடம், அவர் போன் எண் என்ன. சரக்கு இடம் மாறினால் அட்டையும் மாற வேண்டும். பழைய அட்டை இல்லாத அட்டையைவிட ஆபத்து. இரவில் யாரும் உள்ளே படுக்கிறார்களா என்பதையும் எழுதுங்கள். கடைப் பையன்கள் கிடங்கில் தூங்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது, அவர்களை வெளியே படுக்க வைப்பது இதைவிட நல்லது.

ஜூஜூவாடிப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 101 என்று செல்போனில் போட்டால், அந்த நேரத்தில் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து, அழைப்பு கர்நாடகப் பக்கம் போய்ச் சேரக்கூடும். ஆகவே ஓசூர் நிலையத்தின் நேரடி எண்ணையும் கல்லாப் பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் எடுத்தாலும், தமிழ்நாடு, ஓசூர் என்று முதலில் சொல்லி, அப்புறம் தெருப் பெயர், அதற்கப்புறம் உள்ளே என்ன சரக்கு என்று சொல்லுங்கள்.